எஸ். சந்திரசேகர் என்றால் எந்த எஸ். சந்திரசேகர்?

#1 பழைய_நூலகர்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் எங்களிடம் இருந்தது மர அலமாரி. அதில் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் அட்டைகள், அட்டைகளின் அடியில் ஓட்டை, எல்லா ஓட்டைகளையும் கோத்து ஓர் இரும்புக் கம்பி. கம்பியை உருவாமல் அட்டையை எடுக்க முடியாது. எடுக்கிற பையன்கள் எடுக்கத்தான் செய்தார்கள், அது வேறு கதை.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் எம்.எஸ்சி. இயற்பியல் மாணவன் ஒருவன் வந்து, "எஸ். சந்திரசேகர் புக் வேணும் சார், நோபல் பரிசு வாங்கினவரோடது" என்றான். எங்கள் உதவியாளர் அட்டையைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு உள்ளே போனார், ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். பையன் இரண்டு வாரம் வைத்திருந்தான். திருப்பிக் கொடுக்கும்போது ரொம்பத் தயங்கி, "சார், இதுல நட்சத்திரமே வரலையே" என்றான். எப்படி வரும்? அவன் கொண்டுபோனது திரவப் படிகங்களை (எல்.சி.டி. திரைக்குள் இருக்கும் பொருள்) பற்றிய புத்தகம்.

அப்புறம்தான் இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். 'சந்திரசேகர், எஸ்.' என்ற ஒரே தலைப்பின் கீழ் மூன்று அட்டைகள். ஒன்று நட்சத்திரங்களின் அமைப்பு. ஒன்று திரவப் படிகம். மூன்றாவது, இந்தியாவில் குழந்தை இறப்பும் குடும்பக் கட்டுப்பாடும். மூன்றையும் ஒரே மனிதர் எழுதியதாக அட்டை சொல்கிறது. கையெழுத்து என்னுடையது.

மூன்று பேரும் வேறு வேறு ஆட்கள். முதலாமவர் சுப்பிரமணியன் சந்திரசேகர் (1910–1995). லாகூரில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறை இருந்தால் ஒரு வெண்குறுமீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய நட்சத்திரம்) தாக்குப்பிடிக்காது என்று இருபது வயதில் கணக்குப் போட்டவர். இரண்டாமவர் சிவராமகிருஷ்ணன் சந்திரசேகர் (1930–2004). குச்சி போன்ற மூலக்கூறுகள்தான் திரவப் படிகம் ஆகும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, தட்டு போன்றவையும் ஆகும் என்று 1977இல் பெங்களூர் ராமன் ஆய்வு நிலையத்திலிருந்து காட்டியவர். மூன்றாமவர் ஸ்ரீபதி சந்திரசேகர், மக்கள்தொகை அறிஞர். 1967இல் இந்திரா காந்தி அமைச்சரவையில் சுகாதாரமும் குடும்பக் கட்டுப்பாடும் இவர் கையில் இருந்தன.

1983ஆம் ஆண்டைப் பாருங்கள். ஒரு எஸ். சந்திரசேகருக்கு நோபல். அதே வருடம் இன்னொரு எஸ். சந்திரசேகர் லண்டன் ராயல் சொசைட்டியில் உறுப்பினர். நான் எப்படித் தப்பு பண்ணாமல் இருப்பேன்?

இப்படிப் பெயர் ஒன்று, ஆள் வேறு என்று உங்களுக்குத் தெரிந்தவர்களைச் சொல்லுங்கள். துறை வேறாக இருந்தால் இன்னும் நல்லது.

#2 வினாடிவினா

அருமையான இழை சார். ஆனால் ஆரம்பத்திலேயே ஒரு விதி வைத்துக்கொள்வோம். முதலெழுத்தும் ஒத்துப்போக வேண்டும், பெயரும் ஒத்துப்போக வேண்டும். வெறும் பெயர் என்றால் இந்த இழை முடியவே முடியாது. 'ராமசாமி' என்று தேடினால் பெரியார் வருவார், சோ வருவார், ஓமந்தூரார் வருவார், வி.கே. ராமசாமி வருவார், சர் சி.பி. வருவார். அப்படிப் பார்த்தால் எங்கள் தெருவிலேயே நாலு பேர்.

விதிப்படி என் பங்கு: கே. சுப்பிரமணியம். ஒருவர் இயக்குநர் (1904–1971), பாபநாசத்துக்காரர், வக்கீலுக்குப் படித்துவிட்டு சினிமாவுக்கு வந்தவர். 'தியாகபூமி'யை (1939) எடுத்து, வெள்ளைக்காரன் அதற்குத் தடை போடும் அளவுக்குப் போனவர். நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியத்தின் அப்பா. இன்னொரு கே. சுப்பிரமணியம் (1929–2011) திருச்சியில் பிறந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி, பாதுகாப்பு வியூக நிபுணர். கார்கில் போருக்குப் பிறகு என்ன தவறு நடந்தது என்று ஆராய்ந்த குழுவின் தலைவர். பத்மபூஷண் கொடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார்.

#3 குசும்பன்_தஞ்சை

அந்த இரண்டாவது சுப்பிரமணியத்தின் மகன் பெயர் என்ன? ஜெய்சங்கர். வெளியுறவு அமைச்சர். எங்கள் அப்பா, டி.வி.யில் "ஜெய்சங்கர் ரஷ்யா போகிறார்" என்று செய்தி வந்தபோது, "சி.ஐ.டி. சங்கர்லயே போயிருக்கணும்" என்றார். நடிகர் ஜெய்சங்கரை, அந்தத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்டை விட்டுக்கொடுக்க மாட்டார்.

விதி எண் ஒன்றைக் காற்றில் விட்டதற்கு வினாடிவினா அண்ணன் மன்னிக்கவும்.

#4 வைகைக்கரை

தம்பி வினாடிவினா, உங்கள் விதி கெஜட்டுக்குச் சரி, கச்சேரிக்குச் சரிவராது.

சங்கீதத்தில் முதலெழுத்து யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஊர்தான் முதலெழுத்து. 'மணி அய்யர்' என்றால் பழைய ரசிகர்கள் உடனே "எந்த மணி?" என்பார்கள். மதுரை மணி அய்யர் பாடகர். பாலக்காடு மணி அய்யர் மிருதங்கம். இருவரும் 1912இல் பிறந்தவர்கள். ஒரே மேடையில் ஒருவர் பாட இன்னொருவர் வாசித்ததும் உண்டு. வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேருக்குமே வைத்த பெயர் மணி இல்லை. மதுரைக்காரர் சுப்பிரமணியன், அதில் மணி வருவதாவது நியாயம். பாலக்காட்டுக்காரர் பெயர் ராமசாமி. உங்கள் ராமசாமி பட்டியலில் ஒன்று கூடுகிறது, எழுதிக்கொள்ளுங்கள்.

சினிமாவில் இதே பிரச்சினைக்கு வேறு மாதிரி வழி கண்டுபிடித்தார்கள். டி.ஆர். ராமச்சந்திரன் முட்டைக்கண் காமெடியில் ஏற்கெனவே பேர் வாங்கியிருந்தார். பின்னால் வந்தவர் டைட்டிலில் 'எம்.ஜி. ராம்சந்தர்' என்று போட்டுக்கொண்டார். பழைய படங்களில் இப்போதும் பார்க்கலாம். அப்புறம் ராமச்சந்திரன் என்றால் அவர்தான் என்று ஆகிவிட்டது, ராம்சந்தர் தேவைப்படவில்லை.

#5 வினாடிவினா

ஐயா, மணி அய்யர் விஷயத்தில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊர்ப்பெயரே வேறாக இருக்கும்போது குழப்பம் எங்கே வருகிறது?

#6 வைகைக்கரை

குழப்பம் வராமல் இருக்கத்தானே ஊரைப் போட்டார்கள்? எங்கள் தெருவில் டீக்கடை முருகேசன், கரண்ட் முருகேசன், மிலிட்டரி முருகேசன் என்று மூன்று பேர். ரேஷன் கார்டில் மூவரும் வெறும் முருகேசன். கரண்ட் முருகேசன் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகிறது, இன்னும் கரண்ட் போகவில்லை.

குழப்பமே வேண்டும் என்றால் பாலசந்தரைக் கேளுங்கள். எஸ். பாலசந்தர் வீணை மேதை. அவரே இயக்குநரும்கூட. பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' (1954) எடுத்தவர், 'பொம்மை' (1964) எடுத்தவர். அடுத்த வருடமே கே. பாலசந்தர் 'நீர்க்குமிழி'யோடு வருகிறார். "பாலசந்தர் படம்" என்றால் எந்தப் பாலசந்தர் என்று சில வருடம் உண்மையிலேயே கேட்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் 'அந்த நாள்' கே.பி. படம் என்று அடித்துச் சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1954இல் கே.பி. அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸ் குமாஸ்தா சார்!

#7 அரைக்கால்_கணக்கு

கணக்கு வாத்தியார் ஆஜர். வைகைக்கரை ஐயா விட்டுவிட்டுப் போன ராமச்சந்திரனை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஜி.என். ராமச்சந்திரன் (1922–2001). எர்ணாகுளத்தில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையைக் கட்டியவர். நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கிற கொலாஜன் என்ற புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு என்று 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து சொன்னார். அதற்கு நல்ல மாதிரி கிடைத்தது எதிலிருந்து தெரியுமா? கங்காரு வாலின் தசைநாணிலிருந்து. அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையம் வழியாக வந்தது. புரதங்கள் எப்படி மடங்க முடியும், எப்படி மடங்க முடியாது என்று காட்டும் 'ராமச்சந்திரன் வரைபடம்' 1963இல் வந்தது. உலகத்தில் எந்த மூலையில் உயிர்வேதியியல் படித்தாலும் அந்தப் படத்தைத் தாண்டிப் போக முடியாது.

வி.எஸ். ராமச்சந்திரன் நரம்பியல். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து கலிபோர்னியா போனவர். கை வெட்டப்பட்ட ஆளுக்கு, இல்லாத அந்தக் கையில் வலிக்கிறது. ஒரு பெட்டிக்குள் கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டினார். மூளை ஏமாந்தது, பலருக்கு வலி குறைந்தது. பெரிய மெஷின் எதுவும் கிடையாது. ஒரு பெட்டி, ஒரு கண்ணாடி.

ஜி. ராமச்சந்திரன் காந்தியவாதி. மனைவி டாக்டர் சௌந்திரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை உருவாக்கியவர். அப்புறம் கண்டியில் பிறந்து கோட்டைக்கு வந்தவர் ஒருவர் இருக்கிறார், அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ராமானுஜன் கதை இதைவிட ருசியானது. மதிய சாப்பாட்டுக்குப் பிறகு எழுதுகிறேன்.

#8 புதுவரவு_07

எஸ். சந்திரசேகர் ரெண்டு பேரும் அண்ணன் தம்பி. ரெண்டு பேருக்கும் நோபல் கிடைச்சுது. வாட்ஸ்அப்ல வந்துச்சு.

#9 குசும்பன்_தஞ்சை

வாட்ஸ்அப்பில் வந்தால் சரியாகத்தான் இருக்கும். எனக்குக்கூட நேற்று நோபல் வந்தது, பத்துப் பேருக்கு அனுப்பாததால் திரும்பப் போய்விட்டது.

#10 யாழ்தேவி

எங்கட பக்கத்திலிருந்தும் ரெண்டு மூன்று சொல்லட்டுமா?

பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986), மட்டுவில் ஊரவர். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை (1903–1968), பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர், யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழிலேயே நாடகம் எழுதினவர். ரெண்டு பேரும் ஒரே காலம், ரெண்டு பேரும் தமிழ், ரெண்டு பேரும் யாழ்ப்பாணம். ஆனால் போக்கு நேர் எதிர். ஒருவர் மரபுக்கல்வி, மற்றவர் லண்டனில் ஆய்வு செய்து வந்தவர். வினாடிவினா தம்பியின் விதிப்படி முதலெழுத்து வேறு, தெரியும். ஆனால் ஊரில் யாரும் முதலெழுத்து சொல்லிக் கதைக்கிறதில்லை. 'பண்டிதமணி', 'பேராசிரியர்' என்றால் விளங்கும்.

தமிழ்நாட்டில் அதுவும் உதவாது. அங்கே பண்டிதமணி என்றால் மகிபாலன்பட்டி கதிரேசச் செட்டியார். பட்டத்துக்கே இன்னொரு ஆள் இருக்கிறார்.

செல்வநாயகமும் இப்படித்தான். எஸ்.ஜே.வி. செல்வநாயகம் அரசியல், 'தந்தை செல்வா'. வி. செல்வநாயகம் தமிழ் இலக்கிய வரலாறு எழுதின விரிவுரையாளர். சின்ன வயதில் அந்தப் பாடப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு, 'தந்தை செல்வா கட்சியும் நடத்தி புத்தகமும் எழுதியிருக்கிறாரே, எப்ப நேரம் கிடைச்சது' என்று யோசித்திருக்கிறேன்.

இன்னொன்று. விதிக்குள் அப்பழுக்கில்லாமல் அடங்கும். ஜி. பார்த்தசாரதி.

#11 வினாடிவினா

யாழ்தேவி அக்கா, ஜி. பார்த்தசாரதியை நான் நாளைக்கு என்று பத்திரப்படுத்தி வைத்திருந்தேன்! சரி, சொல்லுங்கள்.

#12 யாழ்தேவி

மூத்தவரை எங்கட ஆட்கள் மறக்க ஏலாது. கோபாலசாமி ஐயங்காரின் மகன், இளவயதில் சென்னை அணிக்குக் கிரிக்கெட் ஆடினவர், பிறகு ஐ.நா.வில் இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதி, ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். 1983 ஜூலைக்குப் பிறகு இந்திரா காந்தியின் தூதராகக் கொழும்புக்கும் டெல்லிக்குமாக அலைந்தவர் அவர்தான். இலங்கை இனப்பிரச்சினைத் தீர்வுக்கென்று 'இணைப்பு சி' என்று ஒரு தாள் உண்டு. அதற்குள் இருந்த யோசனைகளில் அவர் கை இருந்தது. அப்பா அந்தத் தாளைப் பற்றி வீட்டில் கதைத்ததைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

இளையவர் ஜி. பார்த்தசாரதி பாகிஸ்தானில் இந்தியத் தூதராக இருந்தவர், பிறகு பத்திரிகைகளில் நிறைய எழுதினார். ரெண்டு பேரும் வெளியுறவு. ஒருத்தர் எழுதினதை மற்றவர் எழுதினதென்று மேற்கோள் காட்டுகிற ஆட்கள் இன்னும் இருக்கினம்.

#13 டீச்சரம்மா

பார்த்தசாரதி என்றதும் ஓடி வந்தேன். தமிழ் டீச்சர் நான்.

ஆர். பார்த்தசாரதி இரண்டு பேர் உண்டு. ஒருவர் ஆங்கிலக் கவிஞர், சிலப்பதிகாரத்தை ஆங்கிலத்தில் கவிதையாகவே கொண்டுபோனவர் (1993). இன்னொருவர் ரங்கநாதன் பார்த்தசாரதி. இந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் மனைவி பெயரை முன்னால் சேர்த்து இந்திரா பார்த்தசாரதி ஆகிவிட்டார். 'குருதிப்புனல்' எழுதியவர். தமிழில் அதே காலத்தில் நா. பார்த்தசாரதியும் எழுதிக்கொண்டிருந்தார். சும்மா 'பார்த்தசாரதி' என்று போட்டிருந்தால் பத்திரிகை ஆபீஸில் மணியார்டர் யாருக்குப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது.

மனைவி பெயரை எடுத்துக்கொண்ட இன்னொருவர் கதை இதைவிட ஜோர். பின்னாளில் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த எஸ். ரங்கராஜன் கதை எழுத ஆரம்பித்தார். குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருக்கிறார். ஒரே பத்திரிகையில் இரண்டு ரங்கராஜன் எதற்கு என்று மனைவி பெயரான 'சுஜாதா'வில் எழுதினார். குழப்பம் தீர்ந்ததா? 1974இல் 'அவள் ஒரு தொடர்கதை' வந்தது. கதாநாயகி பெயர் சுஜாதா. ஒரு பெயர்க்குழப்பத்திலிருந்து தப்பிக்க ஓடியவர் இன்னொன்றில் போய் விழுந்தார். எங்கள் பாட்டி ரொம்ப நாள் அந்த நடிகைதான் விகடனில் தொடர்கதை எழுதுகிறாள் என்று நினைத்திருந்தாள். "ஷூட்டிங்கும் போயிட்டு ராக்கெட் பத்தியும் எழுதறா பாரு, நீயும் இருக்கியே" என்று எனக்குத் திட்டு விழும்.

#14 அரைக்கால்_கணக்கு

சாப்பிட்டாயிற்று. ராமானுஜன்.

கணிதமேதை ஸ்ரீநிவாச ராமானுஜன் (1887–1920) ஒருவர். ஏ.கே. ராமானுஜன் (1929–1993) இன்னொருவர், சங்கப் பாடல்களை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுசேர்த்த கவிஞர், மைசூரில் பிறந்தவர். அவர் அப்பா மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணக்குப் பேராசிரியர்! மகன் கவிதைப் பக்கம் போய்விட்டார். சி.பி. ராமானுஜம் (1938–1974) மூன்றாமவர், கடைசி எழுத்து 'ம்'. பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த கணிதவியலாளர். முப்பத்தாறு வயதில் போய்விட்டார். முதலாமவர் முப்பத்திரண்டில் போனார். கணக்கு வாத்தியாராக இந்த வரியைத் தட்டச்சு செய்யவே கஷ்டமாக இருக்கிறது.

இந்த இழையின் நாயகர் சந்திரசேகர் இதற்குள்ளும் வருகிறார். ராமானுஜன் மறைந்த பிறகு அவருடைய நல்ல புகைப்படம் ஒன்றுகூட, அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டியிடம் இல்லை. சந்திரசேகர் 1936இல் ஊருக்கு வந்தபோது, கிடைக்குமா பார் என்று ஹார்டி கேட்டிருந்தார். இவர் ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைத் தேடிப் போனார். அவரிடம் இருந்தது பாஸ்போர்ட்டில் ஒட்டிய படம். கலங்கிய முகம், கோட்டு, நேரே கேமராவைப் பார்க்கும் கண்கள். நாம் எல்லா இடத்திலும் பார்க்கிற ராமானுஜன் அந்தப் படம்தான்.

அதே சந்திரசேகர் 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில். அறுபதுகளில் அதே வளாகத்துக்கு ஏ.கே. ராமானுஜன் வந்து சேர்கிறார். முப்பது வருடம் இருவரும் ஒரே வளாகம். சந்திரசேகருக்கு ஒரு ராமானுஜன் பெட்டிக்குள் படமாகக் கிடைத்தார், இன்னொருவர் எதிரே நடந்து வந்தார்.

#15 பழைய_நூலகர்

அரைக்கால் சார், ஒரு சின்னச் சேர்க்கை. கணிதமேதையைப் பற்றி 1967இல் ஆங்கிலத்தில் ஒரு நல்ல புத்தகம் எழுதியவர் எஸ்.ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர், எங்கள் தொழிலுக்கே பிதாமகர். பெயர்களை எப்படிப் பட்டியலிட வேண்டும் என்று எங்களுக்கு விதி வகுத்துக் கொடுத்தவரும் அவர்தான். ஒரே பெயர் இரண்டு பேருக்கு இருந்தால் பிறந்த வருடத்தைச் சேர்த்து எழுது என்பது பாலபாடம். நான் எழுதவில்லை. அதனால்தான் அந்தப் பையனுக்கு நட்சத்திரம் கிடைக்கவில்லை.

புதுவரவு தம்பிக்கு: அண்ணன் தம்பி இல்லை. இரண்டாமவருக்கு நோபலும் இல்லை. ஆனால் நீங்கள் நினைப்பதைவிடக் கிட்டத்தில்தான் போயிருக்கிறீர்கள்.

சி.வி. ராமன் பெயரில் உள்ள 'சி' என்ன? சந்திரசேகர. அவர் அப்பா சந்திரசேகர அய்யர், விசாகப்பட்டினத்தில் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய மூத்த மகன் சி. சுப்பிரமணிய அய்யர். இந்த 'சி'யும் அதே சந்திரசேகர. சுப்பிரமணிய அய்யரின் மகன்தான் நட்சத்திரக்காரர். நம் வழக்கப்படி முதல் பையனுக்குத் தாத்தா பெயர், சந்திரசேகர்.

திரவப் படிகக்காரர் ராமனின் சகோதரி மகன். அவருக்கு அதே சந்திரசேகர அய்யர் அம்மா வழித் தாத்தா. ஒரு தாத்தா, இரண்டு பேரன்கள். ஒருவர் அப்பா பெயர் சுப்பிரமணியன், இன்னொருவர் அப்பா பெயர் சிவராமகிருஷ்ணன். இரண்டையும் சுருக்கினால் எஸ். முடிந்தது கதை. இரண்டு பேருக்குமே பின்னாளில் ராயல் சொசைட்டியின் ராயல் மெடல் கிடைத்தது, ஒருவருக்கு 1962, இன்னொருவருக்கு 1994. பெயரன் என்பதுதானே பேரன்? இது தற்செயல் இல்லை, குடும்பமே பார்த்துச் செய்த வேலை. மூன்றாவது எஸ். சந்திரசேகர்தான் இதில் நிஜமான தற்செயல்.

#16 வினாடிவினா

அப்பா பெயர் வரிசையில் கிரிக்கெட்காரரையும் சேர்க்கலாம் சார். பி.எஸ். சந்திரசேகர். போலியோவால் மெலிந்த வலது கையாலேயே பந்தைச் சுழற்றி 1971இல் ஓவலில் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தவர். அந்த எஸ்ஸும் சுப்ரமணியாதான். மைசூர்க்காரர்.

#17 வைகைக்கரை

தற்செயலாக மூன்று பேர் ஒரே பெயரில் ஒரே வேலையைச் செய்ததும் உண்டு. கல்யாணசுந்தரம்.

திரு.வி. கல்யாணசுந்தரனார் 1918இல் வாடியாவோடு சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியவர், பின்னி மில் தொழிலாளர்களுக்காக. 'திரு' மரியாதைக்குப் போட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது திருவாரூர். 'வி' விருத்தாசல முதலியார். ஊரும் அப்பாவும் சேர்ந்த முதலெழுத்து.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பாட்டாளி வர்க்கத்தைச் சினிமாப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர். இருபத்தொன்பது வயது. அதற்குள் அத்தனை பாட்டு. எம். கல்யாணசுந்தரம் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர், திருச்சி எம்.பி.யாக 1971லும் 1977லும் ஜெயித்தவர். மூன்று பேருமே தொழிலாளி பக்கம். எனக்குத் தெரிந்து முதலாளி பக்கம் நின்ற கல்யாணசுந்தரம் என்றால், எங்கள் ஊர் வட்டிக்கடைக்காரர் ஒருவர்தான்.

#18 புதுவரவு_07

சார் மன்னிக்கணும். அந்த வாட்ஸ்அப் குரூப்ல போய் நூலகர் சார் எழுதினதைப் போட்டேன். அட்மின் என்னை ரிமூவ் பண்ணிட்டார்.

#19 குசும்பன்_தஞ்சை

வா தம்பி, இங்கே இடம் நிறைய இருக்கு.

#20 டீச்சரம்மா

எல்லாரும் ஆம்பிளைகளையே அடுக்குகிறீர்கள். நான் சுப்புலட்சுமிகளைக் கொண்டுவந்திருக்கிறேன்.

எஸ்.டி. சுப்புலட்சுமி. தியாகராஜ பாகவதரின் முதல் படமான 'பவளக்கொடி'யில் (1934) கதாநாயகி. இயக்கியவர் வினாடிவினா சொன்ன முதல் கே. சுப்பிரமணியம். நாலு வருடம் கழித்து அதே கே. சுப்பிரமணியம் 'சேவாசதனம்' எடுத்தபோது கதாநாயகி எம்.எஸ். சுப்புலட்சுமி, அது அவருடைய முதல் படம். ஒரே இயக்குநர், இரண்டு சுப்புலட்சுமி அறிமுகம். எம்.எஸ். என்ற முதலெழுத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள். 'எம்' மதுரை. 'எஸ்' அப்பா பெயர் இல்லை, அம்மா பெயர். வீணை சண்முகவடிவு. இந்த இழையில் இதுவரை வந்த அத்தனை முதலெழுத்துகளிலும் அம்மா வந்தது இந்த ஒன்றில்தான்.

மூன்றாமவர் சகோதரி சுப்புலட்சுமி, ஆர்.எஸ். சுப்புலட்சுமி (1886–1969). சிறுமியாக இருக்கும்போதே விதவையானவர். தலையை மழித்து மூலையில் உட்காரவைக்காமல் அப்பா படிக்கவைத்தார். 1911இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். தன்னைப் போன்ற இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்கவைக்க வீட்டிலேயே ஆரம்பித்தார். பிறகு அவர்களுக்கு இடம் கிடைத்தது மெரினா கடற்கரையில் ஐஸ் ஹவுஸ். ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளை அடுக்கி வைத்த கட்டிடம். தெருவில் நடந்தாலே சகுனம் சரியில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம். அந்தப் பிள்ளைகள்தான் பின்னால் டீச்சர், டாக்டர் ஆனார்கள். நான் படித்த பள்ளியில் எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு டீச்சர், அந்த விடுதியிலிருந்து வந்தவர்.

இப்போது ஒரு கேள்வி. இந்த மூன்று சுப்புலட்சுமிகளில் ஒருவருக்கும், நூலகர் சாரின் மூன்று சந்திரசேகர்களில் ஒருவருக்கும் சொந்தம் உண்டு. யார், யாருக்கு?

#21 குசும்பன்_தஞ்சை

எம்.எஸ். அம்மாவும் குடும்பக் கட்டுப்பாடு சந்திரசேகரும். ஒருவர் பாரத ரத்னா, ஒருவர் மந்திரி. டெல்லியில் சொந்தமாகியிருப்பார்கள்.

#22 டீச்சரம்மா

தப்பு. அதோடு பாரத ரத்னாவை நீங்கள் தொட்டதால் சொல்கிறேன். 1998இல் எம்.எஸ்ஸோடு வாங்கியவர் சி. சுப்பிரமணியம், பசுமைப் புரட்சிக்காரர். சுப்புலட்சுமியும் சுப்பிரமணியமும் ஒரே வருடம்.

#23 அரைக்கால்_கணக்கு

மூன்றும் மூன்றும் பெருக்கினால் ஒன்பது வாய்ப்பு. ஒன்று போய்விட்டது. யோசிக்க நேரம் கொடுங்கள்.

#24 பழைய_நூலகர்

டீச்சரம்மா, நட்சத்திரக்காரரின் மனைவி லலிதா துரைசாமி. மாநிலக் கல்லூரியில் இயற்பியல் வகுப்பில் அவருக்கு முன்வரிசையில் உட்கார்ந்தவர் என்று படித்திருக்கிறேன். அவர் வழியாகவா?

#25 டீச்சரம்மா

அவர் வழியாகவேதான் சார். லலிதாவின் அம்மா சாவித்திரி. சாவித்திரியின் அக்கா சகோதரி சுப்புலட்சுமி. சந்திரசேகருக்குப் பெரிய மாமியார். அந்த வீட்டில் பெண்கள் படித்தார்கள் என்றால், அக்கா வெட்டிப்போட்ட பாதை அது.

#26 பழைய_நூலகர்

ஆர்.எஸ்ஸில் உள்ள எஸ் யார்?

#27 டீச்சரம்மா

அவர் அப்பா. சுப்பிரமணிய அய்யர்.

#28 வினாடிவினா

எஸ். சந்திரசேகரின் எஸ்ஸும் சுப்பிரமணிய அய்யர். பெரிய மாமியார் எஸ்ஸும் சுப்பிரமணிய அய்யர். ஆள் வேறு, பெயர் ஒன்று. விதிக்கு உட்பட்டது, பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன்.